கொமடோர் 64 உயிர்பெறவில்லையா? கறுப்புத் திரையைச் சோதிக்கும் முறை

1982-இல் வெளிவந்த கொமடோர் 64 என்ற வீட்டுக் கணினி, தொடங்குவதற்கு வட்டு எதையும் எதிர்பார்ப்பதில்லை. பேசிக் என்ற நிரல்மொழியும் கெர்னல் எனப்படும் அடிப்படை நிரலும், அணைத்தாலும் அழியாத நினைவகமான ரோம் சிப்புகளிலேயே இருப்பதால், சுவிட்சைப் போட்ட சில விநாடிகளில் நீலத் திரையில் 38911 பைட்டுகள் காலியாக உள்ளன என்ற அறிவிப்பும், 'ரெடி' என்ற சொல்லும், அதன் கீழே மினுங்கும் கர்சரும் வந்துவிட வேண்டும். திரை கறுப்பாகவே நின்றால் காத்திருப்பதில் பயனில்லை, உடனே அணைத்துவிடுங்கள்.

முதல் படி: பவர் சப்ளை

சோதனையைக் கணினியில் தொடங்காமல், அதற்கு மின்சாரம் தரும் கனத்த பெட்டியில் தொடங்க வேண்டும். அந்தப் பெட்டி 5 வோல்ட் நேர்மின்சாரம், 9 வோல்ட் மாறுமின்சாரம் என இரண்டைத் தருகிறது. பிசின் ஊற்றி அடைக்கப்பட்ட பழைய பெட்டிகளில் 5 வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெடும்போது, மின்னழுத்தம் குறைவதற்குப் பதிலாக ஏறிவிடுவதுண்டு. அந்த ஏற்றம் நேராக நினைவக சிப்புகளைத்தான் தாக்கும். ஆகவே, பிளக்கைக் கணினியில் செருகாமல் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். ஏழு முனைப் பிளக்கில் இரு ஓரங்களிலும் உள்ளவை 9 வோல்ட்டுக்குரியவை; சுமை இல்லாதபோது அளவு சற்றுக் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. 5 வோல்ட் முனை 4.75-க்கும் 5.25-க்கும் வெளியே போனால் அந்தப் பெட்டியைப் பயன்படுத்தாதீர்கள். அரை மணி நேரம் சூடேறிய பிறகும் ஒருமுறை அளப்பது நல்லது. என்னைக் கேட்டால், அளவு சரியாக இருந்தாலும் பழைய பெட்டியை நம்பாமல் புதிதாகத் தயாரிக்கப்பட்ட ஒன்றை வாங்குவதே மலிவு. அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியை நம் ஊர் 230 வோல்ட்டில் செருகவே கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாம் படி: விளக்கும் பியூசும்

சிவப்பு விளக்கு எரிகிறது என்றால் 5 வோல்ட் வந்து சேர்கிறது என்று மட்டுமே பொருள். 9 வோல்ட்டைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஆரம்பகாலப் போர்டுகளில் திரைக்காட்சியை உருவாக்கும் விக் சிப்புக்கான மின்சாரம் இந்த 9 வோல்ட்டிலிருந்தே பெறப்படுவதால், அந்தப் பாதையில் உள்ள பியூஸ் போனால் விளக்கு எரிந்தும் படம் வராது. மின்இணைப்பைத் துண்டித்து, அடியிலுள்ள மூன்று திருகுகளைக் கழற்றி, மேல்மூடியை மெதுவாகத் தூக்குங்கள். விசைப்பலகையின் வயர்கள் அதோடு சேர்ந்தே வரும். சுவிட்சுக்கு அருகிலுள்ள கண்ணாடி பியூசை மீட்டரால் சோதியுங்கள்.

மூன்றாம் படி: எந்த வகைக் கறுப்பு?

தொலைக்காட்சி 'சிக்னல் இல்லை' என்கிறதா, அல்லது அசையாத தூய கறுப்பைக் காட்டுகிறதா என்று கவனியுங்கள். முதலாவதென்றால் கேபிள், விக் சிப், கடிகாரத் துடிப்புச் சுற்று ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டாவதென்றால் விக் வேலை செய்கிறது. எந்த நேரத்தில் எந்த சிப் பேச வேண்டும் என்று தீர்மானிக்கும் பிஎல்ஏ சிப், தற்காலிக நினைவகமான ராம், ரோம் ஆகியவற்றின் மீதே சந்தேகம் திரும்புகிறது.

நான்காம் படி: சிப்புகள்

உலோகப் பொருளைத் தொட்டு உடலின் நிலைமின்னை வெளியேற்றிய பிறகே போர்டில் கை வையுங்கள். சாக்கெட்டில் உள்ள சிப்புகளை அணைத்த நிலையில் சற்றே தூக்கி மீண்டும் அழுத்தினாலே சில கணினிகள் எழுந்துவிடுகின்றன. ஒலிக்கான சிட் சிப் இல்லாமலும் இது தொடங்கும் என்பதால், சாக்கெட்டில் இருந்தால் அதைக் கழற்றிவிட்டும் ஒருமுறை பார்க்கலாம். பிறகு ஒரு நிமிடம் இயக்கி விரலால் தொட்டுப் பாருங்கள். விக், சிட், பிஎல்ஏ மூன்றும் சூடாவது இயல்பே. பழைய போர்டுகளில் எட்டாக வரிசைகட்டி நிற்கும் 4164 ராம் சிப்புகளில் ஒன்று மட்டும் விரலைச் சுட்டால், அதுவே குற்றவாளியாக இருக்கலாம். குளிர்ந்திருப்பதாலேயே ஒரு சிப் நல்லது என்று ஆகிவிடாது.

இந்த ஊகங்களைக் குறைக்க, கணினியில் செருகிப் பயன்படுத்தும் 'டெட் டெஸ்ட்' என்ற சோதனைக் கார்ட்ரிட்ஜ் உதவும். அது கெர்னல் ரோமைச் சாராமல் இயங்குவதால், ராம் பழுதானால் திரையைப் பளிச்சிடச் செய்கிறது. எத்தனை முறை பளிச்சிடுகிறது என்பதை எண்ணினால் எந்த சிப் என்று தெரியும். தொடக்கத்தில் திரை சிறிது நேரம் கறுப்பாக இருக்கும், அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள். சோதனை ஒழுங்காக ஓடி, கார்ட்ரிட்ஜைக் கழற்றியதும் மீண்டும் கறுப்பானால் ரோம் சிப்புகளைப் பாருங்கள். கார்ட்ரிட்ஜுக்கும் அசையவில்லையென்றால் முதலில் பிஎல்ஏ, அடுத்து 6510 செயலி.

நீலத் திரை வந்தும் கர்சர் மட்டும் மினுங்கவில்லையென்றால், யு1 என்று குறிக்கப்பட்ட 6526 சிப்பை மாற்றிப் பாருங்கள். கர்சரை மினுங்கச் செய்யும் கால அளவையும் விசைகளைப் படிக்கும் வேலையையும் அதுதான் கவனிக்கிறது.