இங்கிலாந்தில் ஒரு சின்ன மைதானத்தில் எஃப்ஏ கோப்பை ஆட்டம் பார்ப்பது எப்படி?

இங்கிலாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து, பிரீமியர் லீக் டிக்கெட் கிடைக்காமல் அலைபவரா நீங்கள்? ஒரு சனிக்கிழமை நான்-லீக் மைதானத்துக்குப் போங்கள். மேலே இருக்கும் நான்கு டிவிஷன்களுக்கும் கீழே ஆடுகிற கிளப்களைத்தான் நான்-லீக் என்கிறார்கள். அங்கே எஃப்ஏ கோப்பை (பெரிய கிளப்களும் சின்ன கிளப்களும் ஆடுகிற, தோற்றால் வெளியேற வேண்டிய கால்பந்துப் போட்டி) ஆட்டம் என்றால் இன்னும் விசேஷம்.

முதலில் சுற்றைத் தேர்ந்தெடுங்கள். டிவியில் பெரிதாகக் காட்டுவது ஜனவரியில் நடக்கும் மூன்றாம் சுற்றை. பெரிய கிளப்கள் அப்போதுதான் வருகின்றன. ஆனால் கோப்பை ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுகிறது, 700-க்கும் மேற்பட்ட கிளப்கள் கலந்துகொள்கின்றன, நவம்பரில் வரும் "முதல் சுற்று"க்கு முன்பே ஆறு கட்டத் தகுதி ஆட்டங்கள் முடிந்திருக்கும். புதியவர்களுக்கு நான் சொல்வது இந்த ஆகஸ்ட், செப்டம்பர் ஆட்டங்களைத்தான். வெளிச்சமும் வெயிலும் இருக்கும், கூட்டம் குறைவு. ஆடுபவர்களோ உயிரைக் கொடுத்து ஆடுவார்கள், ஏனென்றால் ஆரம்பச் சுற்றில் ஜெயித்தால் கிடைக்கும் ஆயிரத்துச் சொச்சம் பவுண்டு அந்தக் கிளப்புக்குப் பெரிய தொகை.

அடுத்து மைதானம். வடக்கே இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஷெஃபீல்டில் க்ராஸ்பூல் பகுதியில் இருக்கும் சாண்டிகேட், ஹாலம் கிளப்பின் மைதானம். 1860 டிசம்பர் 26 அன்று இங்கே ஹாலமும் ஷெஃபீல்டு கிளப்பும் மோதின. உலகின் மிகப் பழைய கால்பந்து மைதானம் இதுதான். 1867-ல் நடந்த யூடன் கோப்பை, கால்பந்தின் முதல் கோப்பைப் போட்டி. அதையும் ஜெயித்தது ஹாலம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு அங்கே நின்று ஒரு கோப்பை ஆட்டம் பார்ப்பது தனி அனுபவம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: யார் யாருடன், யார் மைதானத்தில் என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்யும், அதனால் சொந்த மைதான ஆட்டம்தானா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஆட்ட நாளன்று காலையில் கிளப்பின் எக்ஸ் அல்லது ஃபேஸ்புக் பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். மழை பெய்து தண்ணீர் தேங்கினால் நடுவர் வந்து புல்லை மிதித்துப் பார்த்து ஆட்டத்தைத் தள்ளிவைத்துவிடுவார், சில சமயம் ஒரு மணி நேரத்துக்கு முன்புகூட.

மூன்று மணி ஆட்டத்துக்கு இரண்டு மணிக்கே போய்விடுங்கள். வாசலில் பணம் கட்டினால் போதும், பெரும்பாலும் பத்து பவுண்டு அளவில்தான் இருக்கும். கார்டு எடுக்காத இடமும் உண்டு, கையில் கொஞ்சம் காசு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஆட்ட மலர் (அன்றைய ஆட்டம் பற்றிய சிறு புத்தகம்) விற்றால் ஒன்று, பரிசுக் குலுக்கல் சீட்டு ஒன்று வாங்குங்கள். விற்பவர்கள் அநேகமாகச் சம்பளம் வாங்காத தொண்டர்கள், காசு நேரே கிளப்புக்குப் போகிறது. அப்புறம் தட்டில் பை (உள்ளே இறைச்சி போன்றவை வைத்துச் சுட்ட மாவுப் பண்டம்), சிப்ஸ், குளிர் இருந்தால் சூடாக ஒரு போவ்ரில் (மாட்டிறைச்சிச் சாறு, சாப்பிடாதவர்கள் டீ கேளுங்கள்).

இனி நிற்கும் இடம், இதுதான் முக்கியம். இருக்கையைத் தேடாதீர்கள். கோலுக்குப் பின்னால் உள்ள கம்பியில் சாய்ந்து நில்லுங்கள். கோல்கீப்பர் உங்களுக்குச் சில அடி தூரத்தில் இருப்பார். தடுப்பாட்டக்காரர்களை அவர் பெயர் சொல்லிக் கத்தி நகர்த்துவது, கார்னர் வரும்போது முழங்கை இடிபடுவது, பந்து பூட்ஸில் படும் 'டப்' சத்தம், எல்லாமே காதில் விழும். சாண்டிகேட்டில் தரையே சரிவு, பந்து தானாக ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும், அதனால் எந்த அணி எந்தப் பாதியில் இறக்கத்தை நோக்கி ஆடுகிறது என்று கவனித்தால் ஆட்டமே வேறு மாதிரி புரியும். இடைவேளையில் ரசிகர்கள் கூட்டமாக மறுபக்கக் கோலுக்கு நடப்பார்கள். தங்கள் அணி தாக்கும் பக்கம் நிற்பதுதான் வழக்கம், நீங்களும் கூடவே நடங்கள். இரு அணி ரசிகர்களையும் பிரித்து வைப்பது அநேகமாக இருக்காது, பக்கத்தில் நிற்பவரிடம் தயங்காமல் பேச்சுக் கொடுக்கலாம்.

பீர் குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தகுதி ஆட்டங்களில் கீழ்நிலை அணிகள் மோதும்போது பிளாஸ்டிக் கோப்பையோடு ஆட்டத்தைப் பார்க்கலாம். முதல் சுற்றிலிருந்தோ, ஏதாவது ஒரு அணி மேல் ஐந்து டிவிஷன்களில் ஒன்றைச் சேர்ந்தது என்றாலோ, 1985-ம் ஆண்டுச் சட்டப்படி ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் குடிக்கக் கூடாது.

ஆட்டம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். கிளப்ஹவுஸுக்குள் போங்கள், மற்ற ஆட்டங்களின் முடிவுகள் அங்கே டிவியில் ஓடிக்கொண்டிருக்கும், கொஞ்ச நேரத்தில் ஆடியவர்களும் குளித்துவிட்டு அங்கேயே சாப்பிட வருவார்கள். அடுத்த சுற்றுக் குலுக்கல் எப்போது என்று அவர்களையே கேட்டுக்கொள்ளலாம்.