நீடித்து ஓடும் திறனுக்கு எந்தப் பயிற்சியை எப்போது சேர்ப்பது?

இதயமும் நுரையீரலும் நெடுநேரம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று விரும்புபவர், எந்தப் பயிற்சி சிறந்தது என்று தேடுவதைவிட, ஒவ்வொரு பயிற்சியும் உடலில் எதை மாற்றுகிறது என்று அறிந்துகொள்வது நல்லது.

முதலில் வர வேண்டியது மெதுவான நீண்ட ஓட்டம். மூச்சு வாங்காமல் முழு வாக்கியங்களாகப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில், அரை மணி நேரத்தில் தொடங்கி வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். இவ்வாறு ஓடும்போது தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் கூடுகின்றன. கொழுப்பை எரிபொருளாக்கவும் உடல் பழகுகிறது. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், 800 மீட்டர் வீரரான பீட்டர் ஸ்நெல்லைக்கூட வாரத்துக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் ஓடவைத்தார். அந்த ஸ்நெல்தான் 1960 ரோம், 1964 டோக்கியோ ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளிலும் அந்தத் தூரத்தில் தங்கம் வென்றார். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பந்தயத்துக்கே இத்தகைய அடித்தளம் தேவைப்பட்டது என்பதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

இடைவெளிப் பயிற்சியின் பலன் வேறு. நான்கு நிமிடம் கடுமையாகவும் மூன்று நிமிடம் மெதுவாகவும் ஓடுவதை நான்கு முறை செய்யும் நார்வே முறையில், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. ஓரளவு பயிற்சி பெற்ற ஆண்களைக் கொண்டு நடத்தி 2007-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், வாரம் மூன்று முறை வீதம் எட்டு வாரம் இப்படி ஓடியவர்களின் உச்ச ஆக்சிஜன் பயன்பாடு ஏறத்தாழ 7 சதவீதம் உயர்ந்தது. மெதுவாக ஓடியவர்களிடம் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. இதைப் படித்துவிட்டு மெதுவோட்டத்தைக் கைவிடுவது தவறு. எட்டு வாரக் கணக்கு வேறு, ஆண்டுக்கணக்கில் மூட்டுகளும் தசைநாண்களும் உறுதிப்படுவது வேறு. இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இடைவெளிப் பயிற்சியில் இறங்கவே கூடாது.

இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பது டெம்போ ஓட்டம்: மூன்று நான்கு சொற்களுக்கு மேல் தொடர்ந்து பேச முடியாத வேகத்தில் இருபது நிமிடம் சீராக ஓடுவது. ஸ்வீடனில் 1930-களில் உருவான ஃபார்ட்லெக், மனம்போல வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓடுவதாகும். கடிகாரம் பார்த்து ஓடப் பிடிக்காதவர்களுக்கு இது ஏற்றது. இருபது விநாடி முயற்சி, பத்து விநாடி ஓய்வு என்ற தபாட்டா முறை, 1996 ஆய்வில் சைக்கிள் இயந்திரத்தில் மிகக் கடுமையாகச் செய்யப்பட்டது. புதியவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

முதல் எட்டு வாரம் மெதுவோட்டம் மட்டும் போதும். பிறகு வாரத்தில் நான்கு நாள் ஓடுபவர், அவற்றுள் ஒரு நாளை இடைவெளிப் பயிற்சிக்கோ டெம்போவுக்கோ ஒதுக்கி, மற்ற மூன்று நாளும் உண்மையிலேயே மெதுவாக ஓட வேண்டும். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்: மெதுவாக ஓட வேண்டிய நாளில் சற்று வேகமாக ஓடிவிடுவதால், கடுமையாக ஓட வேண்டிய நாளில் கால்கள் ஒத்துழைப்பதில்லை. ஓடும் வேகத்தை முடிவுசெய்ய, 220-இலிருந்து வயதைக் கழித்து இதயத்தின் உச்சத் துடிப்பைக் கணிக்கும் வழக்கம் ஒருவருக்குப் பத்துத் துடிப்புக்கு மேலும் பிசகலாம் என்பதால், பேச்சையே அளவுகோலாகக் கொள்ளுங்கள்.

முன்னேற்றத்தை அறிய, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அதே பாதையில், அதே அதிகாலை நேரத்தில், அதே இதயத் துடிப்பில் அரை மணி நேரம் ஓடி, கடந்த தூரத்தைக் குறித்து வையுங்கள்.