கலன் என்றால் எந்தக் கலன்?

திருக்கடலூர்க் கரையில் ஓர் அண்ணா படகு எஞ்சினின் புத்தகத்தை நீட்டிக் கேட்டார்: "தம்பி, கலனுக்கு 2.6 அவுன்ஸ் ஒயில் என்று போட்டிருக்கிறான். இந்த இருபது லீற்றர் கானுக்கு பதினொன்றரை அவுன்ஸ் சரிதானே?"

பெருக்கலில் பிழையில்லை. ஒரு கலன் 4.546 லீற்றர் என்று எடுத்திருந்தார். அது நாங்கள் பழகிய பிரிட்டிஷ் கலன். புத்தகம் சொன்னதோ அமெரிக்கக் கலன், 3.785 லீற்றர். அவுன்ஸும் ஒன்றல்ல: அமெரிக்காவில் 29.6 மில்லிலீற்றர், பிரிட்டிஷ் அளவில் 28.4. புத்தகம் கேட்பது 50 பங்கு எரிபொருளுக்கு 1 பங்கு ஒயில், அதாவது அந்தக் கானுக்கு 400 மில்லிலீற்றர். அண்ணாவின் கணக்கில் 325தான் வரும். எரிபொருளோடு ஒயில் கலந்து ஓடும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின், ஒயில் குறைந்தால் கரையில் ஒன்றும் காட்டாது. நடுக்கடலில் முழு வேகத்தில் ஓடும்போதுதான் பிஸ்டன் சூடேறி இறுகும். கலனையும் அவுன்ஸையும் விட்டுவிட்டு, இந்த எஞ்சினுக்கு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் என்று கானிலேயே எழுதிவைக்கச் சொன்னேன்.

பெருக்குவதா, பிரிப்பதா என்ற தடுமாற்றமும் அடிக்கடி வரும். கூரையில் இருக்கும் 1000 லீற்றர் தாங்கி பிரிட்டிஷ் அளவில் 220 கலன். கலன் பெரிய அளவு, ஆகவே எண் சிறுக்கவேண்டும். 4546 என்று வந்தால் பிரிக்கவேண்டிய இடத்தில் பெருக்கிவிட்டீர்கள்.

வீடு கட்டுபவர்கள் மணலில் இடறுகிறார்கள். ஒரு மீற்றர் 3.28 அடி என்பதால் கன மீற்றரையும் 3.28ஆல் பெருக்கிவிடுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் பெருக்கவேண்டும். அப்போது ஒரு கன மீற்றர் 35.3 கன அடி. லொறிக்காரர் சொல்லும் ஒரு கியூப் 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர்.

சமையலில் இவ்வளவு பயம் தேவையில்லை, கேக்கைத் தவிர. அமெரிக்கக் கப் 237 மில்லிலீற்றர், அவுஸ்திரேலியக் கப் 250. அது பரவாயில்லை. ஆனால் மெல்பேர்ணில் இருந்து அக்கா அனுப்பும் குறிப்பில் மேசைக்கரண்டி என்றால் 20 மில்லிலீற்றர், மற்ற நாடுகளில் பெரும்பாலும் 15. பேக்கிங் பவுடருக்கு அந்த வித்தியாசம் பெரிது.

பிள்ளைக்குப் பாணி மருந்து கொடுக்கும்போது மட்டும் வீட்டுக் கரண்டியைத் தொடவே வேண்டாம். 5 மில்லிலீற்றர் என்று எழுதியிருந்தால், மருந்தோடு வரும் அளவு மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள்.