இருபது துண்டுத் தாளில் ஒரு செய்தியை ஓட்டிப் பார்ப்போம்

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் "நாளைக்குத் தண்ணி வராதாம்" என்ற கதை கிளம்புகிறது. கேட்டவர் அடுத்த வீட்டுக்குக் கோல் எடுக்கிறார். "அது எங்களுக்கும் தெரியுமே" என்று பதில் வந்தால் அவருக்கு ஆர்வம் போய்விடும், அதோடு நிறுத்திவிடுவார். இந்த ஒரு பழக்கத்தை வைத்தே கணித மாதிரி கட்டலாம். கணித ஆய்வாளர்களான டேலியும் கெண்டலும் 1964 இல் முன்வைத்த அத்தகைய மாதிரியை 1973 இல் மாக்கியும் தொம்சனும் எளிமையாக்கினார்கள். நாம் செய்யப்போவது இந்த எளிய வடிவம்.

படி 1: 1 முதல் 20 வரை எழுதிய துண்டுகளை ஒரு டப்பாவில் போடுங்கள். இவை வீடுகள். தனித்தாளில் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரே அதன் நிலையைக் குறியுங்கள்: தெரியாதவர், சொல்பவர், ஓய்ந்தவர். தொடக்கத்தில் ஒருவர் மட்டும் சொல்பவர்.

படி 2: சொல்பவர் ஒருவருக்காக ஒரு துண்டை எடுங்கள். அவருடைய எண்ணே வந்தால் மறுபடி எடுங்கள். வந்தவர் தெரியாதவர் என்றால் அவரும் சொல்பவர் ஆகிறார். ஏற்கெனவே தெரிந்தவர் என்றால் கோல் எடுத்தவர் ஓய்கிறார். துண்டைத் திரும்பப் போட்டுவிடுங்கள். சொல்பவர் எவரும் மிஞ்சாத நிலை வரும்வரை தொடருங்கள்.

பத்துத் தடவை ஓட்டிச் சராசரி பாருங்கள். நாலைந்து வீடுகளுக்குச் செய்தி போயே இருக்காது! எனக்கு இந்த மாதிரியில் மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். களனி கங்கை பெருகும்போது வாய்வழிச் செய்தியை மட்டும் நம்பினால் விடுபடுபவர்கள் இவர்கள்தான்.

படி 3: எக்செல்லில் இரண்டு நிரல்கள். தெரியாதோர் பங்கு 'தெ' 0.99, சொல்வோர் பங்கு 'சொ' 0.01. ஒரு வரிசைக்கு 0.1 அலகு நேரம் என்று வைத்து, அடுத்த வரிசைக்கு:

புதிய தெ = தெ − 0.1 × தெ × சொ
புதிய சொ = சொ + 0.1 × சொ × (2 × தெ − 1)

அடைப்புக்குள் இருப்பது எங்கிருந்து வந்தது? ஒரு கோல் புதியவரைப் பிடிக்கும் வாய்ப்பு தெ. அப்போது சொல்வோரில் ஒருவர் கூடுகிறார். பிடிக்காத வாய்ப்பு 1 − தெ. அப்போது ஒருவர் குறைகிறார். இரண்டின் வித்தியாசம் 2தெ − 1. ஆகவே பாதிப்பேருக்குத் தெரிந்த கணத்திலேயே சொல்வோர் குறையத் தொடங்குகிறார்கள். அந்த உச்சம் சுமார் 0.31. சூத்திரத்தை 200 வரிசைக்கு இழுத்துவிட்டால் தெ 0.20 பக்கத்தில் நின்றுவிடும்.

படி 4: இதுவரை யாரும் யாருக்கும் கோல் எடுக்கலாம் என்று வைத்திருந்தோம். இப்போது 1–10 ஒரு கட்டடம், 11–20 இன்னொன்று. அவரவர் கட்டடத்துக்குள் மட்டுமே பேச்சு. கட்டடம் தாண்டிய பழக்கம் 10க்கும் 11க்கும் மட்டும். வீடு 1 இலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் 10 ஆம் வீட்டார் 11ஐக் கூப்பிடுமுன்பே ஓய்ந்துவிடுவார், மறுகட்டடம் ஒன்றும் அறியாது. பிறகு 5க்கும் 16க்கும், 3க்கும் 18க்கும் பழக்கம் உண்டாக்கி மறுபடி ஓட்டி, ஒவ்வொரு தடவையும் விடுபட்ட வீடுகளை எண்ணுங்கள்.