சிச்சென் இட்சாவும் செனோட்டே குளியலும்: குறைந்த செலவில் ஒரே நாளில் போய்வருவது எப்படி

மெக்சிகோவின் கான்கூன் கடற்கரை நகரில் ஹோட்டல் வாசலிலும் கடைத்தெருவிலும் 'சிச்சென் இட்சா, செனோட்டே, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து இவ்வளவுதான்' என்று பலகை வைத்திருப்பார்கள். சிச்சென் இட்சா என்பது மாயா மக்கள் கட்டிய பழைய நகரத்தின் இடிபாடு, செனோட்டே என்பது நிலத்தடி நீர் நிற்கும் இயற்கைக் குழி. பலகையிலுள்ள விலையை நம்பி உடனே பணத்தை எடுத்து நீட்டிவிடாதீர்கள். மலிவான சுற்றுலாக்களில் பெரும்பாலும் நுழைவுக்கட்டணம் சேர்ந்திருக்காது. பேருந்து ஊர் எல்லையைத் தாண்டியதும் வழிகாட்டி ஒலிபெருக்கியை எடுத்து, நுழைவுக்கட்டணம், வரி என்று ஒரு தொகையைச் சொல்லி வசூலிக்க ஆரம்பிப்பார், அந்த நேரத்தில் இறங்கவா முடியும்?

சிச்சென் இட்சாவில் வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு சீட்டு வாங்க வேண்டும். ஒன்று மத்திய அரசின் தொல்லியல் துறைக்கு, மற்றொன்று யுகடான் மாநில அரசுக்கு. 2024-ல் முதலாவது 95 பேசோ, இரண்டாவது 548 பேசோ, ஆக மொத்தம் 643. ஒவ்வோர் ஆண்டும் ஏற்றுகிறார்கள், அதனால் கிளம்பும் முன் அந்த ஆண்டின் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல சமயம் பேருந்துச் செலவைவிட இந்தச் சீட்டுதான் பெரிய செலவு. அதனால் இரண்டு சுற்றுலாக்களின் விலையை ஒப்பிடும்போது இதைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள், இல்லையென்றால் மலிவாகத் தெரிவதுதான் கடைசியில் அதிகமாக வந்து நிற்கும்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவற்றை எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, வாங்கிக்கொள்ளுங்கள். இடிபாட்டுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வோம், உள்ளே மொத்தம் எவ்வளவு நேரம், அதில் வழிகாட்டி நம்மோடு எவ்வளவு நேரம் இருப்பார், எந்த மொழியில் பேசுவார், எந்த செனோட்டே, அங்கே லைஃப் ஜாக்கெட்டும் லாக்கரும் விலையில் சேர்ந்ததா, சாப்பாட்டில் குடிக்கும் பானம் சேர்ந்ததா, வழியில் எத்தனை கடைகளில் நிறுத்துவார்கள். இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் நாளைத் தின்பது அதுதான். கைவினைப் பொருள் கடை, டெக்கீலா என்னும் மதுவை ருசிபார்க்கும் இடம், உங்கள் படம் ஒட்டிய பாட்டில் விற்கும் இடம் என்று நிறுத்தி நிறுத்திப் போனால், இடிபாட்டில் ஒன்றரை மணி நேரம்கூட மிஞ்சாது. மொழி விஷயத்திலும் கவனம் வேண்டும். ஒரே வழிகாட்டி ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிச் சொல்லும் குழுவில் சேர்ந்தால் உங்களுக்குக் கிடைப்பது பாதி விளக்கம்தான். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் ஆங்கிலம் மட்டும் உள்ள குழுவில் சேருங்கள்.

சரி, இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. முடிந்தால் கான்கூனில் தங்காமல், முந்தின நாளே வயாதொலித் ஊருக்கு வந்துவிடுங்கள். கான்கூனிலிருந்து சிச்சென் இட்சா சுமார் 200 கிலோமீட்டர், வயாதொலித்திலிருந்து சுமார் 45 தான். அழகான பழைய ஊர், அறை வாடகையும் கடற்கரை ஹோட்டல்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அடோ பேருந்து நிலையத்துக்கு அருகிலிருந்து கொலெக்டிவோ என்னும் பகிர்வு வேன்கள் சிச்சென் இட்சாவுக்குப் போகின்றன, ஆள் நிறைந்ததும் கிளம்பும். காலை ஏழு மணி வாக்கில் போய் ஏறிக்கொண்டால், எட்டு மணிக்கு வாசல் திறக்கும்போது நீங்கள் வரிசையின் முன்பகுதியில் நிற்கலாம். கான்கூன் பேருந்துகளில் பெரும்பாலானவை பத்தரை, பதினொன்றுக்குத்தான் வந்து சேரும். அந்த இரண்டரை மணி நேர அமைதி வேறு எந்த நேரத்திலும் கிடைக்காது, அதோடு வெயிலும் அப்போதுதான் கொஞ்சம் தாங்கும்படி இருக்கும்.

ஆனால் வேனில் போகிறோம் என்பதற்காக வழிகாட்டியை விட்டுவிடாதீர்கள். மிச்சப்படுத்த வேண்டியது பயணத்தில், சாப்பாட்டில், தங்குவதில். விளக்கம் சொல்லும் ஆளில் மிச்சப்படுத்தினால் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள், அவ்வளவுதான். வாசலிலேயே அரசு உரிமம் பெற்ற வழிகாட்டிகள் கழுத்தில் அட்டையோடு இருப்பார்கள். அவர்களின் கட்டணம் தலைக்கு இல்லை, குழுவுக்கு. அதனால் வரிசையில் முன்னும் பின்னும் நிற்பவர்களிடம் 'சேர்ந்து ஒரு வழிகாட்டி வைத்துக்கொள்ளலாமா' என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நாலைந்து பேர் சேர்ந்துவிட்டால் பெரிய பேருந்துச் சுற்றுலாவில் கிடைப்பதைவிட நல்ல விளக்கம், அதைவிடக் குறைந்த செலவில். இவர்களில் பலர் மாயா மக்கள், வீட்டில் மாயா மொழி பேசுகிறவர்கள். மாயா நாகரிகம் மர்மமாக மறைந்துபோனது என்று படித்துவிட்டு வந்தவர்களுக்கு, அவர்களின் வாரிசு எதிரில் நின்று பேசுவதே முதல் பாடம்.

கான்கூனில் தங்கித்தான் ஆக வேண்டும் என்றால், விடியற்காலையில் கிளம்பி, இடிபாட்டை முதலில் காட்டி, செனோட்டேவை அதன் பிறகு வைத்திருக்கும் சிறு வேன் சுற்றுலாவைத் தேடுங்கள். ஹோட்டல் வாசலிலேயே ஏற்றிக்கொள்கிறோம் என்பார்கள், அது நல்லதுதான், ஆனால் பத்து ஹோட்டல்களைச் சுற்றி ஆள் எடுக்கவே ஒரு மணி நேரம் போய்விடும், சில நிறுவனங்கள் நடுவில் ஓரிடத்தில் இறக்கி மொழிவாரியாகப் பிரித்து வேறு பேருந்தில் ஏற்றுவதும் உண்டு. நேராக ஒரு பொது இடத்தில் வந்து ஏறச் சொல்லும் சுற்றுலா பெரும்பாலும் மலிவு, நேரமும் மிச்சம். அப்புறம் கடிகாரம்: கான்கூன், அதே கடற்கரையில் உள்ள துலூம் எல்லாம் கிந்தானா ரோ மாநிலம், சிச்சென் இட்சாவும் வயாதொலித்தும் யுகடான் மாநிலம், இரண்டுக்கும் ஆண்டு முழுக்க ஒரு மணி நேர வித்தியாசம். கான்கூனில் எட்டு என்றால் அங்கே ஏழு. போகும்போது ஒரு மணி நேரம் லாபம், திரும்பும்போது அது கழிந்துவிடும். அன்றிரவே விமானம் பிடிக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் எதிரில் எல் காஸ்தியோ, குகுல்கான் என்ற இறகு நாகக் கடவுளுக்கான பிரமிடு, உச்சிக் கோயிலோடு சேர்த்தால் சுமார் 30 மீட்டர். நான்கு பக்கமும் பக்கத்துக்கு 91 படிகள், உச்சி மேடையையும் சேர்த்தால் 365. கூட்டம் வரும் முன்பே இதைச் சுற்றி வந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஏற அனுமதி இல்லை, அது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. வடக்குப் படிக்கட்டின் எதிரில் நின்று கைதட்டினால் எதிரொலி ஒரு பறவையின் கீச்சு மாதிரி திரும்பி வரும், கெட்சால் பறவையின் குரல் என்பார்கள். மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் நாளையொட்டி, மாலை வெயிலில் அந்த வடக்குப் படியின் கைப்பிடிச் சுவரில் பாம்பு நெளிந்து இறங்குவது போல நிழல் விழும். அதைப் பார்க்கப் பெருங்கூட்டம் வரும், குறைந்த செலவில் நிம்மதியாகப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு அந்த நாட்கள் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம், மெக்சிகோ மக்களுக்கு அன்று தொல்லியல் துறைச் சீட்டு இலவசம், நெரிசல் அதிகம்.

அங்கிருந்து பெரிய பந்தாட்டக் களத்துக்குப் போங்கள். 168 மீட்டர் நீளம், மெசோஅமெரிக்காவில், அதாவது மெக்சிகோவும் அதன் தெற்கே உள்ள நாடுகளும் சேர்ந்த பழைய நாகரிகப் பகுதியில், இதுவரை கண்டறிந்த களங்களில் இதுவே பெரியது. பக்கச் சுவரின் உயரத்தில் கல் வளையங்கள். சுவரின் அடிப்பகுதிச் சிற்பங்களைத்தான் வழிகாட்டியோடு நின்று பார்க்க வேண்டும். தலை வெட்டப்பட்ட ஓர் ஆட்டக்காரனின் கழுத்திலிருந்து ரத்தம் பாம்புகளாகப் பீறிடுவதை அவர் விரலால் காட்டும்வரை உங்கள் கண்ணுக்கு அது வெறும் கொடிவேலையாகத்தான் தெரியும். பக்கத்திலேயே மண்டையோடுகள் வரிசையாகச் செதுக்கிய மேடை, அந்தப் பக்கம் போர்வீரர் கோயிலும் ஆயிரம் தூண்களும். வட்டக் கோபுரம் கொண்ட எல் கராக்கோல், வானத்தைக் கவனிக்கக் கட்டியது, தெற்கே கொஞ்சம் தள்ளி இருப்பதால் பேருந்துக் குழுக்கள் அவசரத்தில் விட்டுவிடும். நீங்கள் விடாதீர்கள்.

வடக்கே ஒரு பழைய வெண்கல் பாதையில் நடந்தால் புனித செனோட்டே. சுமார் 60 மீட்டர் அகலக் குழி, கீழே பச்சைத் தண்ணீர். இதில் குளிக்க முடியாது. 1904-லிருந்து எட்வர்ட் தாம்சன் என்ற அமெரிக்கர் இதைத் தூர்வாரி எடுத்ததில் தங்கம், ஜேட் என்னும் பச்சைக்கல், மனித எலும்புகள் எல்லாம் வந்தன. பெரும்பகுதி ஹார்வர்டின் பீபடி அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது, ஒரு பகுதி மட்டும் பின்னால் மெக்சிகோவுக்குத் திரும்பியது. மதியம் குளிக்கப் போகும் முன் இந்த விளிம்பில் சில நிமிடம் நிற்பது அவசியம் என்று நான் நினைக்கிறேன். யுகடானின் வடபகுதியில் நிலத்துக்கு மேலே ஓடும் ஆறே இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து அடியில் குகைகளாக ஓடுகிறது, கூரை இடிந்து விழுந்த இடங்கள்தான் செனோட்டேக்கள். ஊர் அமைந்ததே இந்தத் தண்ணீரை நம்பித்தான், அதனால்தான் காணிக்கையும் இங்கே விழுந்தது.

தண்ணீர் இன்றும் அதேதான், பாறைக்குள் ஒன்றோடொன்று தொடர்புள்ளது, மக்கள் குடிப்பதும் அதைத்தான். அதனால் குளத்தில் இறங்கும் முன் ஷவரில் நன்றாகக் குளிக்கச் சொல்வார்கள், சன்ஸ்கிரீன், கொசு மருந்து, வாசனைத் திரவியம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. நம் ஆட்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும்: அன்று காலை தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். வெயிலுக்கு முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போதும்.

பேருந்துச் சுற்றுலாக்கள் பல, இடிபாட்டிலிருந்து 3 கிலோமீட்டரில் இருக்கும் இக் கில் செனோட்டேவுக்குக் கூட்டிப் போகும். தரையிலிருந்து சுமார் 26 மீட்டர் கீழே வட்டமான நீர், மேலிருந்து வேர்களும் கொடிகளும் தொங்கும், பார்க்க மிக அழகு, ஆனால் நண்பகலில் திருவிழாக் கூட்டம். வயாதொலித்தில் தங்குகிறவர்கள் வேனில் ஊர் திரும்பி, 7 கிலோமீட்டர் தள்ளி ஒரே வளாகத்தில் இருக்கும் சமுலா, ஷ்கேகென் இரண்டுக்கும் போகலாம், வாடகை சைக்கிளிலேயே போய்விடலாம். இரண்டும் மூடிய குகைகள், கூரையில் ஒரு ஓட்டை. இவற்றுக்கு நண்பகல்தான் சரியான நேரம், வெயில் தூணாகத் தண்ணீரில் இறங்கும். ஊருக்கு நடுவிலேயே சாசி என்று ஒன்று இருக்கிறது, நடந்தே போகலாம், போக்குவரத்துச் செலவே கிடையாது.

நீச்சல் தெரியாதவர்கள் தயங்க வேண்டாம். லைஃப் ஜாக்கெட் பல இடங்களில் கட்டாயம், குறுக்கே கயிறு கட்டியிருப்பார்கள், பிடித்துக்கொண்டு மிதக்கலாம். ஆனால் ஆழம் சில அடிகள் இல்லை, பல மீட்டர், சில இடங்களில் அடியே தெரியாது, ஆகவே ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துப் படம் எடுக்கும் வேலை வேண்டாம். படிகள் எப்போதும் ஈரம், பிடிமானமுள்ள ரப்பர் செருப்பு வேண்டும். பருத்திச் சட்டையும் சுடிதாரும் நனைந்தால் கனத்து இழுக்கும், நைலான் சட்டையும் அரைக்கால் சட்டையும் கொண்டுபோங்கள். தண்ணீர் ஆண்டு முழுக்க 25 டிகிரியை ஒட்டி இருக்கும், வெயிலில் நடந்துவிட்டு இறங்கும்போது முதல் நிமிடம் உடம்பு சிலிர்க்கும், அப்புறம் ஏறவே மனம் வராது.

சாப்பாட்டுக்குச் சுற்றுலாவின் பஃபேயைவிட வயாதொலித் சந்தைக் கடைகள் மலிவு, ருசியும் அதிகம். அசைவம் சாப்பிடுகிறவர்கள் கொச்சினிதா பிபில் கேளுங்கள், புளிப்பு ஆரஞ்சிலும் அச்சியோத்தே என்னும் சிவப்பு விதை மசாலாவிலும் ஊறவைத்து வாழை இலையில் பொதிந்து வேகவைத்த பன்றி இறைச்சி. முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு பாப்பட்சூலெஸ், பூசணி விதைச் சாற்றில் தோய்த்த தோர்த்தியா என்னும் சோள ரொட்டிக்குள் அவித்த முட்டை. சுத்த சைவம் என்றால் 'சின் கார்னே, சின் பொயோ, சின் மந்தேக்கா' என்று மூன்றையும் சொல்ல வேண்டும், அதாவது இறைச்சி, கோழி, பன்றிக் கொழுப்பு எதுவும் வேண்டாம். பீன்ஸ் மசியலில்கூடக் கொழுப்பு சேர்ப்பது அங்கே வழக்கம், அதனால் மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். மேஜையில் இருக்கும் அபனேரோ மிளகாய்ச் சட்னியை, காரம் எனக்குப் பழக்கம்தானே என்று அள்ளிப் போடாமல், துளி தொட்டுப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

பணம் பேசோவில், சில்லறையாக வைத்திருங்கள். வேனிலும் சிறு செனோட்டேக்களிலும் கார்டு எடுக்காது, டாலர் கொடுத்தால் மாற்றுவிலையில் நஷ்டம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களிடம் செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, பிரிட்டன், ஜப்பான் அல்லது ஷெங்கன் பல்நுழைவு விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. அமெரிக்காவில் வேலை விசாவில் இருப்பவர்கள் திரும்பி நுழைவதற்கான முத்திரை காலாவதி ஆகவில்லையா என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

துலூம் பக்கம் தங்கியிருப்பவர்களுக்கு சிச்சென் இட்சா தூரம். அவர்கள் கோபாவுக்குப் போகலாம், சுமார் 45 கிலோமீட்டர். காட்டுக்குள் பரந்து கிடக்கும் பழைய மாயா ஊர், உள்ளேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், 42 மீட்டர் உயர நோஹோச் முல் பிரமிடு வரை மர நிழலிலேயே ஓட்டிப் போகலாம், வாசலில் உரிமம் பெற்ற வழிகாட்டிகள் இங்கேயும் உண்டு. அருகிலேயே சோ-ஹா, தம்கச்-ஹா, முல்தூன்-ஹா என்று மூன்று குகைச் செனோட்டேக்கள், ஒவ்வொன்றுக்கும் தனிச்சீட்டு. காசும் நேரமும் ஒன்றுக்குத்தான் என்றால் தம்கச்-ஹாவை எடுங்கள், உள்ளே தண்ணீரில் குதிப்பதற்கு மேடை கட்டியிருக்கிறார்கள். துலூமுக்குத் திரும்பும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், மாலையில் அங்கே வண்டிகள் குறைவு.