வகுப்பில் வலிப்பு: காந்தத்தை எங்கே, எப்படிக் காட்டுவது

நான் ஏழாம் வகுப்பு ஆசிரியையாக இருந்த ஒரு வருடம், என் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு வி.என்.எஸ். கருவி, அதாவது வலிப்பைக் குறைக்க நரம்பைத் தூண்டும் கருவி, பொருத்தியிருந்தார்கள். ஜூன் மாதமே அவள் அம்மா, வலிப்பு வந்தால் அந்தக் கருவிக்குக் காட்ட வேண்டிய காந்தத்தைக் கொண்டுவந்து அலுவலகத்தில் கொடுத்தார். அது பீரோவுக்குள் போனது. ஜூலையில் ஒரு நாள் வகுப்பில் வலிப்பு வந்தது. சாவியைத் தேடி, பீரோவைத் திறந்து, ஓடிவந்த அலுவலக அக்கா காந்தத்தை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை இறுக்கி மூடினார். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை; நானும் சொல்லவில்லை.

இரும்பு எந்த வலிப்பையும் நிறுத்தாது. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். காந்தத்தின் வேலை வேறு. பெரும்பாலும் இடது காரை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் பேட்டரியோடு ஒரு சின்னக் கருவி இருக்கும். அதிலிருந்து போகும் கம்பி கழுத்து வழியாக மூளைக்குப் போகும் வேகஸ் நரம்பைச் சுற்றியிருக்கும். வழக்கமாக 5 நிமிடத்துக்கு ஒரு முறை, 30 விநாடி, மெல்லிய மின்தூண்டலைத் தானே அனுப்பிக்கொண்டிருக்கும். காந்தம் காட்டினால் அந்த நேரத்தில் கூடுதலாக ஒரு தூண்டல் போகும்.

காட்டும் விதம் இதுதான். சட்டையைக் கழற்ற வேண்டாம், சீருடைக்கு மேலேயே போதும். காந்தத்தைக் கருவியின் மேல் கொண்டுபோய், "ஆயிரத்து ஒன்று" என்று சொல்லும் நேரம் வைத்து, அப்படியே விலக்கிவிடுங்கள். அங்கேயே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். காந்தம் மேலேயே இருந்தால் கருவி தூண்டலை நிறுத்திவிடும். பதற்றத்தில் கை அழுத்திப் பிடிக்கத்தான் போகும். அதனால் அந்த அம்மாவை வரவழைத்து, ஆசிரியர்கள் எல்லோரும் ஒவ்வொருவராகச் செய்து பழகினோம். வலிப்பு நிற்கவில்லையென்றால் எவ்வளவு இடைவெளி விட்டு, எத்தனை முறை திரும்பக் காட்டலாம் என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்திருங்கள். பிள்ளைக்குப் பிள்ளை அது மாறும்.

காந்தம் காட்டியாயிற்று என்று முதலுதவியை விட்டுவிடக் கூடாது. மணியைப் பாருங்கள். மேசை, பெஞ்சுகளை நகர்த்துங்கள், தலைக்கு அடியில் மடித்த துப்பட்டாவோ பையோ வையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கைகாலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம், முழு நினைவு திரும்பும்வரை தண்ணீரும் கொடுக்க வேண்டாம். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, தெளியாமலே அடுத்த வலிப்பு வந்தாலோ, மூச்சு சிரமப்பட்டாலோ 108-ஐ அழையுங்கள். வலிப்பை அடக்க மூக்கில் அடிக்கும் மிடசோலம் மருந்து ஸ்பிரே கொடுத்து வைத்திருந்தால், அதை எந்த நிமிடத்தில் அடிப்பது என்பதும் டாக்டர் எழுதிய அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

காந்தம் பிள்ளையோடுதான் இருக்க வேண்டும். எங்கள் மாணவி அதைக் கைக்கடிகாரம் போல மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். இன்னொன்று என் மேசை டிராயரில், பூட்டாமல். செல்போன், ஏ.டி.எம். கார்டு பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். அறிவியல் வகுப்பில் காந்தப் பாடம் நடத்தும் நாளில் பெரிய காந்தங்கள் அவள் நெஞ்சுக்கு அருகே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அவள் குரல். செய்யுளை வாய்விட்டு வாசிக்கும்போது நடுவில் திடீரென்று கரகரத்துப்போகும், அரை நிமிடத்தில் சரியாகிவிடும். கருவி வேலை செய்யும் நேரம் அது. முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள், அவள் வாசிக்கவே மறுத்தாள். அவளிடமும் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டு, கருவியைப் பற்றி வகுப்புக்கு எடுத்துச் சொன்னேன். அதற்குப் பிறகு குரல் மாறினால் வகுப்பே காத்திருக்கும். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு விட்ட அடியிலிருந்து தொடர்வாள்.

ஒவ்வொரு முறையும் தொடங்கிய நேரம், காந்தம் காட்டிய நேரம், அடங்கிய நேரம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். கருவியின் தூண்டல் அளவை மாற்றும்போது டாக்டர் கேட்பது இதைத்தான். நவம்பரில் அடுத்த வலிப்பு வந்தபோது நான் அவள் பக்கத்தில் மண்டியிட்டிருந்தேன். நான் கேட்பதற்கு முன்பே வகுப்புத் தலைவி கரும்பலகை மூலையில் 10.42 என்று எழுதியிருந்தாள்.