33550336-ஐ அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பது எப்படி

கேரள எல்லையோரத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் நீளமான எண் என்றாலே லாட்டரிச் சீட்டுதான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கடைசி நாலு இலக்கத்தைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அதில் ஒன்றும் தேறாது, விடுங்கள். எண்ணோடு மல்லுக்கட்ட ஆசையென்றால் இதை எடுங்கள்: மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சத்து ஐம்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தாறு. எட்டே இலக்கம், மளிகைக்கடைக் கால்குலேட்டரிலேயே அடங்கிவிடும்.

இது ஒரு நிறைவெண். அதாவது, இதை மீதியில்லாமல் வகுக்கும் எண்களில் இதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கூட்டினால் இதே எண் திரும்ப வரும். 6-க்கு 1+2+3 போல. வரிசை 6, 28, 496, 8128, அதற்கடுத்து ஒரே தாவில் இது. நடுவில் ஐந்து, ஆறு, ஏழு இலக்கத்தில் ஒன்றுகூடக் கிடையாது. இலக்கத்துக்கு ஒன்று வீதம் இருக்கும் என்று நம்பிய பழைய ஆட்களும் உண்டு, பாவம்.

முதல் வேலை, பாதியாக்கிக்கொண்டே போவது. 16775168, 8387584, 4193792 என்று இறங்கி, 12-வது பாதியில் 8191-ல் வந்து முட்டும். ஆக நம் எண் 4096 × 8191.

இப்போது 8191 பகா எண்தானா என்று பார்க்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், ஏனென்றால் 8191 என்பது பதின்மூன்று இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தது. அதே மாதிரி பதினொன்றை வைத்துச் செய்தால் வரும் 2047, பார்க்க அப்பாவியாக இருந்துகொண்டு 23 × 89 என்று உடைந்துவிடும். நல்லவேளையாக ஒரு குறுக்குவழி இருக்கிறது: 8191-ஐ வகுக்கும் பகா எண் ஏதாவது இருந்தால் அது 26-இன் (பதின்மூன்றின் இருமடங்கு) மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்க முடியும். 8191-இன் வர்க்கமூலம் 90-ஐச் சற்றுத் தாண்டும், அதனால் 27, 53, 79 மட்டும் பார்த்தால் போதும். 27 பகா எண்ணே இல்லை. 53-ஆல் வகுத்தால் மீதி 29, 79-ஆல் வகுத்தால் மீதி 54. சரி, 8191 பகா எண்தான்.

அப்புறம் கூட்டல். 1, 2, 4 என்று 4096 வரை கூட்டினால் 8191. மற்ற வகுத்திகள் எல்லாம் 8191-ஐ 1, 2, 4 என்று 2048 வரை பெருக்கியவை, அதாவது 4095 தடவை 8191. இரண்டையும் சேர்த்தால் 4096 தடவை 8191, அதுவேதான் நம் எண்! இருபத்தைந்து வகுத்திகளையும் வரிசையாக எழுதிக் கை வலிக்கக் கூட்டவே வேண்டாம். 2000 வருஷத்துக்கு முன்பே யூக்ளிட் காட்டிய வழி இது.

கொசுறாக இரண்டு: இலக்கங்களைக் கூட்டினால் 28, அதுவும் நிறைவெண் (இது தற்செயல்தான், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்). 1-இலிருந்து 127 வரையுள்ள ஒற்றைப்படை எண்களின் கனங்களைக் கூட்டினாலும் 33550336 வரும், இது தற்செயல் இல்லை.

அடுத்த நிறைவெண் 8589869056, பத்து இலக்கம். பாதியாக்கிக்கொண்டே போனால் 131071-ல் நிற்கும். அது பதினேழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தது, அதனால் இந்தத் தடவை 34-இன் மடங்கோடு ஒன்று. 103, 137, 239, 307 ஆகிய நாலு வகுத்தல் போட்டால் வேலை முடிந்தது.